எண்ணெய்க் கம்பெனியின் சாவி யார் இடுப்பில்?

2025 ஜூலைக் கடைசியில் குஜராத்தின் வாடினாரில் ஒரு விசித்திரம் நடந்தது. நயாரா எனர்ஜி என்ற நிறுவனத்துக்கு அங்கே ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை இருக்கிறது. நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்குகள் அதன் பெயரில் நடக்கின்றன. அந்த வாரம் ஆலையில் எண்ணெய் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கரண்ட் இருந்தது. ஊழியர்களின் ஈமெயில் மட்டும் இல்லை. அவுட்லுக்கும் டீம்ஸும் நின்றுபோயிருந்தன. சந்தா பாக்கியா என்றால் அதுவும் இல்லை, முழுப் பணமும் கட்டியாயிற்று என்றது நயாரா.

நடந்தது இதுதான். நயாராவில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49.13 சதவீதப் பங்கு. ஜூலை 18ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிராகப் போட்ட புதிய தடைப் பட்டியலில் நயாராவின் பெயரும் சேர்ந்தது. அதை ஒட்டி மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்ப வந்துவிட்டது. செய்தியும் அத்தோடு ஓய்ந்துவிட்டது.

ஆலை இருப்பது இந்தியாவில். தடை போட்டது பிரஸ்ஸல்ஸில். அப்படி ஒருதலையாகப் போடும் தடைகளை இந்தியா ஏற்பதில்லை என்று நம் வெளியுறவுத் துறையே சொன்னது. சுவிட்சை அணைத்தது ஓர் அமெரிக்கக் கம்பெனி. பத்திரிகைகள் இதை ராஜதந்திரச் செய்தியாக எழுதின. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் சுமந்த எனக்கு இது சாவிக்கொத்து சமாச்சாரமாகத்தான் பட்டது. வீடு நம்முடையது, வாடகை பாக்கியில்லை, உள்ளே இருக்கும் காகிதமும் நம்முடையது. ஆனால் சாவி அடுத்தவர் இடுப்பில்.

இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் என் அக்கா மகன் சிரிப்பான். அவன் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். வளைகுடாவில் உள்ள ஓர் எண்ணெய் நிறுவனத்தின் கணக்கு வழக்குகளையும் தரவுகளையும் கிளவுடுக்கு மாற்றுவதுதான் மூன்று வருஷமாக அவன் வேலை. "மாமா, நீங்க இன்னும் ரெக்கார்டு ரூமை விட்டு வெளியே வரலை" என்பான். நான் ரெக்கார்டு ரூமை விட்டு வெளியே வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அங்கே கற்றுக்கொண்டது போகவில்லை, போக வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

கிளவுட் என்ற பெயர்தான் முதல் தொல்லை. பிரெஞ்சு அரசாங்கம் 2010இல் இதற்கு அதிகாரபூர்வமாக ஒரு பெயர் சூட்டியது. தமிழில் சொன்னால் 'மேகத்தில் கணிமை'. எங்கள் பள்ளியில் வகுப்பில் கவனிக்காமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பையனை வாத்தியார் "நீ நுவாஜில் இருக்கிறாய்" என்று பிரெஞ்சில் அதட்டுவார். மேகத்தில் மிதக்கிறாய், நினைப்பு இங்கே இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லையே ஒரு தொழிலுக்கு வைத்தால் எனக்கு எப்படி நம்பிக்கை வரும்! உண்மையில் மேகமும் இல்லை, வானமும் இல்லை. வேறொருவர் கட்டிடத்தில், வேறொருவர் வாங்கிவைத்த கம்ப்யூட்டர்கள். நாம் வாடகைக்கு எடுக்கிறோம். அவ்வளவே.

வாடகைக்கு எடுப்பது தப்பா? இல்லவே இல்லை. எண்ணெய்த் தொழிலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைப் புரிந்துகொள்ள, அவர்கள் எப்படி எண்ணெய் தேடுகிறார்கள் என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

என் பணிக்காலத்தில் சில ஆண்டுகள் காரைக்காலில் இருந்தேன். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. வேலை செய்யும் பகுதி. அறுவடை முடிந்த வயலில் நீளமாகக் கேபிள் இழுத்து, ஆங்காங்கே சின்னக் கருவிகளை மண்ணில் குத்தி வைப்பார்கள். குழி போட்டுச் சிறு வெடி வைப்பார்கள். அந்த அதிர்வு கீழே போய், பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும். எந்தக் கருவிக்கு எத்தனை மில்லி செகண்டில் வந்தது என்பதுதான் பதிவு. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பது போல, ஆனால் லட்சக்கணக்கான கற்கள். கடலில் என்றால் கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் கேபிளை இழுத்துக்கொண்டு போவார்கள். (டெல்டாவில் எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்பது வேறு வாதம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இப்படிச் சேரும் பதிவு மலை மலையாக இருக்கும். அதிலிருந்து பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் வரைய, ஆயிரக்கணக்கான பிராசஸர்கள் வாரக்கணக்கில் ஓட வேண்டும். படம் வந்துவிட்டால் அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு அடுத்த சர்வே வரைக்கும் வேலை இல்லை. கல்யாணத்துக்கு அண்டா, குண்டான், ஜமுக்காளம் எல்லாம் வாடகைக்கு எடுப்பது போலத்தான். வருஷத்தில் இரண்டு நாள் தேவைக்கு யாராவது நூறு பேருக்குச் சமைக்கும் அண்டாவை வாங்கி வீட்டில் அடுக்குவார்களா? இந்த ஒரு காரணத்துக்காகவே கிளவுட் எண்ணெய்த் தொழிலுக்கு ஏற்றது என்று ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் பி.பி. நிறுவனம், ஐரோப்பாவில் இருந்த தன் பெரிய டேட்டா சென்டர்களில் உள்ளதை அமேசானுக்கு மாற்றுவதாக 2019இல் அறிவித்தது. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

ஒரு வேடிக்கை. இவ்வளவு தரவை இன்டர்நெட் வழியாக அனுப்பினால் வருஷக்கணக்கில் ஆகும் என்று, அமேசான் 2016இல் ஒரு லாரியை அறிமுகப்படுத்தியது. 45 அடி கன்டெய்னர். உள்ளே 100 பெட்டாபைட் கொள்ளும். ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜி.பி. லாரி வாசலுக்கு வரும், தரவை ஏற்றிக்கொள்ளும், போய்விடும். மேகத்துக்குப் போகும் வழி கடைசியில் நெடுஞ்சாலைதான்! 2024இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

அண்டா சரி. ஆனால் கல்யாணம் முடிந்ததும் நகைப்பெட்டியையும் அண்டாவுக்குள் வைத்து வாடகைக் கடைக்கு அனுப்புவோமா? என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கணக்குப் போடும் சக்தியை வாடகைக்கு எடுங்கள். அசல் பதிவேடும், அதைத் திறக்கும் சாவியும், ஆலையின் வால்வும் உங்களிடமே இருக்கட்டும்.

பிரான்ஸின் டோட்டால் நிறுவனம் இதில் எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். தென்மேற்கு பிரான்ஸில் போ என்று ஓர் ஊர். அதற்குப் பக்கத்தில்தான் லாக். 1951இல் அங்கே பெரிய இயற்கை எரிவாயு வயலைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பள்ளிப் பூகோளப் பாடத்தில் லாக் வரும். காவிரி எங்கே பாய்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன் லாக் எங்கே இருக்கிறது என்று படித்த தலைமுறை நாங்கள். அந்த 'போ' நகரத்தில் டோட்டால் பாஞ்ஜியா என்ற பெயரில் சொந்த சூப்பர் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்தது. 2019இல் வந்த மூன்றாவது பாஞ்ஜியா, அந்த ஜூன் மாத உலகப் பட்டியலில் 11ஆவது இடம் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 2018இல், அதே டோட்டால் கூகுள் கிளவுடுடனும் ஒப்பந்தம் போட்டிருந்தது. இப்போதைய பாஞ்ஜியா 4 பாதி வீட்டில், பாதி கிளவுடில். பணம் இல்லாமல் அல்ல, தொழில் தெரியாமலும் அல்ல. அடுப்பை வீட்டிலேயே எரியவிட்டுக்கொண்டு, விருந்து வந்தால் மட்டும் வெளியே அண்டா எடுக்கிறார்கள்.

வீட்டிலேயே அடுப்பு எரிந்தால்தான் சமைக்கத் தெரிந்தவர்களும் வீட்டில் இருப்பார்கள். இதற்கு பிரெஞ்சு எண்ணெய்த் தொழிலிலேயே ஒரு கதை உண்டு. எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பத்திரிகை படித்தவர்களுக்கு 'மோப்ப விமானம்' என்றாலே சிரிப்பு வரும். எல்ஃப் என்று அரசுக்குச் சொந்தமான எண்ணெய்க் கம்பெனி இருந்தது. 1970களின் நடுவில் ஒரு பெல்ஜியப் பிரபுவும் ஓர் இத்தாலியரும் வந்து, விமானத்தில் வைத்துப் பறந்தால் கீழே பூமிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று காட்டும் கருவி எங்களிடம் இருக்கிறது என்றார்கள். பெட்டிக்குள் மட்டும் யாரும் பார்க்கக் கூடாது, ரகசியம். கோடிக்கணக்கான ஃபிராங்க் கைமாறியது. கடைசியில் 1979இல் ழூல் ஒரோவிட்ஸ் என்ற இயற்பியலாளர் வந்தார். சுவருக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேலைக் கருவி படமாகக் காட்டும் என்றார்கள். அவர் யாருக்கும் தெரியாமல் ஸ்கேலை வளைத்து வைத்தார். கருவியின் திரையில் ஸ்கேல் நேராகத் தெரிந்தது! விஷயம் 1983இல் பத்திரிகையில் வந்து பிரான்ஸே அல்லோலகல்லோலப்பட்டது.

கிளவுட் விற்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றைய கம்ப்யூட்டர் உண்மையிலேயே கணக்குப் போடுகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் விடையை ஸ்கேலை வளைத்துச் சோதிக்கத் தெரிந்த ஆள் உள்ளே இருக்க வேண்டும். எல்லா வேலையையும் வெளியே அனுப்பிய கம்பெனியில் முதலில் கழற்றிவிடப்படுவது அந்த ஆள்தான். சம்பளச் செலவு மிச்சம் என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

இப்போது அக்கா மகன் தரப்பு. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. "உங்க வீட்டுல வெச்சா பத்திரம்னு யார் சொன்னது மாமா?" என்று கேட்டான். சரியான கேள்வி. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரியைத் தாக்கியபோது ஓர் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் கூரை வழியே தண்ணீர் இறங்கியது. பொங்கல் வரை ஃபைல்களை வெயிலில் விரித்துக் காயவைத்தோம். மை கரைந்து எழுத்தே போன பக்கங்களை என் கையால் எடுத்து அடுக்கியிருக்கிறேன். கடற்கரைச் சாலையில் இருந்த எங்கள் பழைய மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. சொந்த வீடு என்பதால் மழை தயவு காட்டுவதில்லை.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் இதே கதைதான். 2012 ஆகஸ்ட் 15ஆம் தேதி சவூதி அராம்கோவின் கம்ப்யூட்டர்களுக்குள் ஷமூன் என்ற வைரஸ் புகுந்து ஏறத்தாழ 30,000 இயந்திரங்களில் இருந்ததை அழித்தது. எல்லாம் அவர்கள் சொந்த வளாகத்தில், சொந்தக் காவலில் இருந்தவைதான். அமேசானிலும் மைக்ரோசாஃப்டிலும் பாதுகாப்புக்கென்றே உட்கார்ந்திருக்கும் ஆட்படை ஒரு சுத்திகரிப்பு ஆலையில் இருக்காது என்று அவன் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இதற்கு விடை, இருப்பதையெல்லாம் ஒரே இடத்திலிருந்து தூக்கி இன்னொரு ஒரே இடத்தில் வைப்பதா?

எங்கள் ஊரில் எத்தா சிவில் பதிவேடு எப்படி எழுதினார்கள் தெரியுமா? பிறப்பு, கல்யாணம், இறப்பு ஒவ்வொன்றையும் இரண்டு பதிவேட்டில் எழுதுவார்கள். ஒன்று மேரியில். இன்னொன்று நீதிமன்றத்தின் கிரெஃபில். இது போதாதென்று 1776 ஜூனில் பிரெஞ்சு அரசர் ஓர் ஆணை போட்டார்: குடியேற்ற நாடுகளின் பொதுப் பத்திரங்களுக்கு ஒரு பிரதி வெர்சாய்க்கு வர வேண்டும். போர், தீ, புயல், கரையான் எதில் ஊர்ப் பதிவேடு போனாலும் கடல் கடந்து ஒரு பிரதி இருக்கும். அந்தப் பிரதிகள் இப்போது எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் பிறப்புப் பத்திரம் தேடிப் பிரான்ஸுக்கு எழுதிப் போட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் அதுதான் 18ஆம் நூற்றாண்டின் கிளவுட். ஆனால் ஒரு வித்தியாசம். வெர்சாய் பிரதியைத்தான் கேட்டது. ஊரில் இருந்த பதிவேட்டை வாங்கிக்கொண்டு, 'உனக்குத் தேவைப்படும்போது என்னிடம் கேள், நான் திறந்து காட்டுகிறேன்' என்று சொல்லவில்லை. வெர்சாய்க்குக் கோபம் வந்தாலும் புதுச்சேரியில் ஒரு குழந்தை பிறந்ததை மேரி குமாஸ்தா எழுதிக்கொள்ள முடியும். இன்றைய எண்ணெய்க் கம்பெனிகளில் பல, பிரதியை அனுப்புவதாக நினைத்துக்கொண்டு பதிவேட்டையே அனுப்புகின்றன. பழைய டேட்டா சென்டரை மூடிய அன்று பத்திரிகையில் அறிவிக்கிறார்கள். சொந்தப் பிரதி எங்கே என்பதை யாரும் அறிவிப்பதில்லை.

இன்னொன்று, எண்ணெய் வயலின் ஆயுள். இதை ஐ.டி.க்காரர்கள் யோசிப்பதே இல்லை என்று எனக்குப் படுகிறது. அஸ்ஸாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901இல் ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது. பாம்பே ஹையில் 1974இல் எண்ணெய் கண்டு 1976இல் எடுக்க ஆரம்பித்தார்கள், இன்றும் எடுக்கிறார்கள். லாக் வயலில் 1957இலிருந்து 2013 வரை எரிவாயு எடுத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் பழைய கிணற்றின் பதிவைத் தேடுவார், புதிய கணக்கு முறையில் போட்டுப் பார்க்க. ஷ்லும்பெர்ஜெ சகோதரர்களின் ஆட்கள் 1927 செப்டம்பர் 5ஆம் தேதி அல்சாஸில் பெஷெல்ப்ரோன் என்ற இடத்தில் உலகிலேயே முதல்முறையாக ஒரு கிணற்றுக்குள் மின்கருவியை இறக்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் அளவெடுத்துக் கையால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுப் படத்தை இன்றும் பாடப் புத்தகங்களில் அச்சிடுகிறார்கள். அதைப் படிக்கக் கண் இருந்தால் போதும், பாஸ்வேர்டு வேண்டாம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். இயந்திரங்களில் பொருத்திய சென்சார்களிலிருந்து அளவுகளை வாங்கிச் சேர்க்க கூகுள் கிளவுட் ஒரு சேவை வைத்திருந்தது, ஐ.ஓ.டி. கோர் என்று பெயர். 2022 ஆகஸ்டில் அறிவிப்பு கொடுத்து 2023 ஆகஸ்ட் 16ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஒரு வருஷ நோட்டீஸ். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வது போல. சட்டப்படி தவறே இல்லை. நூறு வருஷம் ஓடும் ஆலைக்கும் ஒரு வருஷ நோட்டீஸுக்கும் ஜாதகம் எப்படிப் பொருந்தும்?

வால்வு என்று சொன்னேன் அல்லவா. ஆலையில் அழுத்தம் ஏறினால் வால்வை மூடும் கட்டுப்பாட்டை கிளவுடில் வைப்பதில்லை, அது ஆலைக்குள்ளேயேதான் இருக்கும் என்று அக்கா மகன் உறுதியாகச் சொல்கிறான். கடலுக்கு நடுவே உள்ள மேடையில் செயற்கைக்கோள் இணைப்பு அறுந்தாலும் இயந்திரம் தானாகப் பாதுகாப்பாக நிற்க வேண்டும், அதனால் அப்படி. நல்லது. ஆனால் "ஆபீஸ் கம்ப்யூட்டர்தானே கிளவுடுல, ஆலை தனியா இருக்கே" என்ற அவன் சமாதானத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

2021 மே 7ஆம் தேதி அமெரிக்காவின் கலோனியல் பைப்லைனில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸிலிருந்து நியூஜெர்சி வரை 8,800 கிலோமீட்டருக்கு மேல் குழாய்கள். திருடர்கள் புகுந்தது அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குள். குழாயைத் தொடவில்லை. ஆனாலும் கம்பெனியே முன்வந்து குழாயை நிறுத்தியது. பாதிப்பு எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது? கிழக்குக் கரை மாநிலங்களில் பங்குகளில் பெட்ரோல் தீர்ந்து வரிசை நின்றது. 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தார்கள், அதில் ஒரு பகுதியை அரசு பிறகு மீட்டது. திருடர்கள் எப்படிப் புகுந்தார்கள்? யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் பாஸ்வேர்டு வழியாக. மாற்றலாகிப் போனவரிடம் சாவியைத் திருப்பி வாங்காத கதை! எங்கள் காலத்தில் 'நோ டியூஸ்' கையெழுத்து வாங்காமல் ஒருவரையும் ரிலீவ் செய்ய மாட்டோம். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு.

ஆகவே அலுவலகம் வேறு, ஆலை வேறு என்ற கோடு காகிதத்தில்தான் நேராக இருக்கிறது. ஈமெயில் இல்லாமல் கப்பலுக்கு யார் தகவல் சொல்வது, டேங்கர் லாரிக்கு யார் ரசீது போடுவது? சுத்திகரிப்பு ஆலை என்பது ஒரு வாயில் வாங்கி இன்னொரு வாயில் விடும் உடம்பு. பேச்சு நின்றால் இரண்டு நாளில் வயிறு நின்றுவிடும்.

சரி, கம்பெனி பெரியது, நம்பலாம், கைவிட மாட்டார்கள் என்று சொல்லலாம். நான் கம்பெனியின் மனசைப் பற்றிப் பேசவில்லை. அவர்களும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். 2018 மார்ச்சில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'கிளவுட்' என்றே வரும், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். முறையான உத்தரவு வந்தால், தரவு உலகின் எந்த மூலையில் உள்ள சர்வரில் இருந்தாலும் அமெரிக்கக் கம்பெனி அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். 2025 ஜூன் 10ஆம் தேதி பிரெஞ்சு செனட்டின் விசாரணைக் குழு, மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்டப் பொறுப்பாளரைச் சத்தியப் பிரமாணம் செய்யவைத்துக் கேட்டது: பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு பிரெஞ்சு அரசின் சம்மதம் இல்லாமல் அமெரிக்காவுக்குப் போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா? முடியாது என்றார். அப்படி இதுவரை நடந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நேர்மையான பதில். அதற்கு ஆறு வாரம் கழித்து வாடினார்.

அப்படியானால் என்ன செய்வது? நார்வேக்காரர்கள் செய்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்களுக்கு டிஸ்கோஸ் என்று தேசியப் பதிவகம் 1995இலிருந்து இருக்கிறது. நார்வேயின் கடலில் எந்தக் கம்பெனி தேடினாலும், துளையிட்டாலும், பதிவை அங்கே கொடுத்தாக வேண்டும். குறிப்பிட்ட காலம் கழித்து அது எல்லோருக்கும் திறக்கப்படும். பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் டெண்டரில் மாறுவார்; பதிவகம் மாறாது, அது அரசின் பொறுப்பு. நம் நாட்டிலும் 2017இலிருந்து நொய்டாவில் ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்தின் கீழ் தேசியத் தரவுப் பதிவகம் இருக்கிறது. வேர் போட்டாயிற்று, தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் புத்தி வராமல் இல்லை. 2018இல் ஷெல், செவ்ரான், ஈக்வினார், டோட்டால் போன்றவை சேர்ந்து ஓ.எஸ்.டி.யூ. என்ற பொது அமைப்பு முறையை ஆரம்பித்தன. பூமிக்கு அடியில் எடுத்த தரவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவத்தில் வைப்பது, எந்தக் கம்பெனியின் கிளவுடிலும் அதே போல ஓடச் செய்வது. போட்டிக் கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டி வந்ததே, சாவிக்கொத்து பயம் அவர்களுக்கும் இருப்பதைத்தான் காட்டுகிறது. ஒரே மாதிரி பூட்டு என்றால் வீடு மாறுவது சுலபம்.

வீடு மாறும் செலவு பெரிய விஷயம். தரவை உள்ளே ஏற்றும்போது கட்டணம் பெரும்பாலும் இருக்காது, வெளியே எடுக்கும்போது ஜி.பி.க்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும் என்கிறான் அக்கா மகன். பெட்டாபைட் கணக்கில் வைத்திருப்பவனுக்கு அது கதவில் போட்ட இரண்டாவது பூட்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதற்குத் தரவுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 12ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத் தடுக்கக் கூடாது. 2027 ஜனவரி 12ஆம் தேதிக்குப் பிறகு மாறுவதற்குக் கட்டணமே வாங்கக் கூடாது. நயாராவின் விளக்கை அணைக்கக் காரணமாக இருந்த அதே பிரஸ்ஸல்ஸ்தான் இதையும் செய்தது!

நம் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் இப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெண்டரிலேயே எழுதலாம். முழுப் பிரதி ஒன்று எங்கள் வளாகத்தில், எங்கள் ஆட்களால் திறக்கக் கூடிய வடிவத்தில் இருக்கும். மறையாக்கச் சாவி எங்களிடம் இருக்கும். வெளிநாட்டுத் தடையைக் காட்டிச் சேவையை நிறுத்துவதானால் இத்தனை நாள் முன்னறிவிப்பு, அதுவரை தரவை எடுத்துக்கொள்ள வழி. வருஷத்துக்கு ஒருமுறை கிளவுடை அணைத்துவிட்டு, பிரதியை வைத்தே ஒரு நாள் அலுவலகத்தை நடத்திக் காட்ட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். திறந்தே பார்க்காத பிரதி, பிரதியே இல்லை. கரையான் அரித்த அலமாரியை வெளியிலிருந்து பார்த்தால் அடுக்கு அழகாகத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தபோது, அந்த வளைகுடாக் கம்பெனி ஒப்பந்தம் மொத்தம் எத்தனை பக்கம் என்று கேட்டேன். இருநூற்றுச் சொச்சம் என்றான். அதில் வெளியேறுவது பற்றி எத்தனை பக்கம் என்று கேட்டேன். அது லீகல் டீம் பார்க்கிறது மாமா, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.